முழங்கால் வலி என்று சொன்னேன்

நான் பொறாமைக்காரி. என் பொறாமையால் ஒரு பெண்ணின் உடம்பு கெட்டது. கெடும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் வேறு யாருமில்லை, சொர்ணம். என் மருமகளைப் பெற்றவள். எனக்குச் சம்பந்தி. தாராவியில் எங்களுக்கு அடுத்த சந்தில்தான் அவள் வீடு. வயதும் ஏறக்குறைய என் வயதுதான்.

எனக்கு மாதவிலக்கு நின்ற வருடம் கருப்பை இறங்கியது. குத்தவைத்துத் துணி துவைத்துவிட்டு எழுந்தபோது, கால்களுக்கிடையே உருண்டையாய் ஏதோ வந்து நின்றது. யாரிடம் சொல்வேன்? கணவரிடமா? மகனிடமா? தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினாள். சிறுநீரை அடக்குவது போல் தசையை இறுக்கி விடும் பயிற்சியும் சொல்லித் தந்தாள். "வஜன் பில்குல் நஹி, மாவ்ஷி" என்று விரலை ஆட்டினாள். பாரம் தூக்கவே கூடாதாம்!

வீட்டில் முழங்கால் வலி என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

அப்புறம்தான் பேரன் பிறந்தான். மகனும் மருமகளும் இருப்பது மாடி அறையில். எங்கள் சந்து வீடுகளில் மாடிக்குப் படி ஏது? சுவரோடு செங்குத்தாய் ஓர் இரும்பு ஏணிதான். சொர்ணம் பேரனை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்து விறுவிறுவென்று ஏறுவாள். அவள் குரல் கேட்டாலே பயல் இரண்டு கைகளையும் நீட்டுவான். அவளிடம் மட்டும்தான் நீட்டுவான்! என்னிடம் எதற்கு நீட்ட வேண்டும்? நான்தான் அவனைத் தூக்கியதே இல்லையே.

"எங்க அத்தைக்குப் புள்ளையத் தூக்க மனசே வராது" என்று மருமகள் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது. ஆனால் கோபம் அவள் மேல் வரவில்லை. சொர்ணத்தின் அந்த இடுப்பின் மேல் வந்தது! என்னைவிட ஒரு பிள்ளை கூடுதலாகப் பெற்றவள். அவளுக்கு மட்டும் எல்லாம் அதனதன் இடத்தில் எப்படி நிற்கிறது? கடவுளுக்குக் கண் இல்லையா?

ஒரு மத்தியானம் சொர்ணம் கதவைச் சாத்திவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, யாருட்டயும் சொல்லிராதீங்க. எந்திரிச்சா அடியில பந்து கணக்கா என்னமோ வந்து நிக்கி. ஒங்களுக்கு எப்பமாவது இப்படி இருந்திருக்கா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு என்ன ஆனது தெரியுமா... வயிறு குளிர்ந்தது! உனக்கும் இறங்கிவிட்டதா, நன்றாக இறங்கட்டும் என்று நினைத்தேன்.

"எனக்கா? அய்யய்ய, எனக்கு அப்படில்லாம் ஒண்ணும் இல்ல மைனி. தீட்டு நிக்கப்போற நேரம்லா, எல்லாம் சூடுதான். வெந்தயத்த ஊறப்போட்டுத் தின்னுங்க, சரியாப் போவும்."

பாயில் தூங்கிய பேரன் விழித்துக்கொண்டு அழுதான். "நீங்களே அவன் அம்மைட்ட தூக்கிட்டுப் போங்க. ஒங்ககிட்டதான வருவான்" என்றேன்.

தூக்கிக்கொண்டு ஏறினாள். பாதி ஏணியில் நின்று பல்லைக் கடித்தாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவள் ஏறினாள்... நான் பார்த்தேன்.

கடைசியில் புண்ணாகி, இரத்தம் கண்டு, கருப்பையையே எடுத்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் ஒரு வளையத்தோடு போயிருக்கலாம் என்று டாக்டர் இந்தியில் சொன்னதை மருமகள் அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள். அதே வளையத்தை எனக்குள் வைத்துக்கொண்டு நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்! இப்போதாவது பொறாமை தீர்ந்ததா என்கிறீர்களா? அதுதான் இல்லை. அவள் நோய் ஊருக்கே தெரியும். மகள் தலைவாரி விடுகிறாள், மருமகன் ஆரஞ்சு வாங்கி வருகிறான். என் மகன்! அவன் எனக்கு ஒரு மூட்டுவலித் தைலத்தோடு நிறுத்திக்கொண்டான். என்ன ஜென்மம் நான்!

நான்தான் அவளுக்குக் கஞ்சி கொண்டு போனேன். "கூடப்பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று எங்கள் வீட்டுக்கு மெல்ல நடந்து வந்தாள். ஏணியடியில் நின்ற பேரன் அவளைப் பார்த்ததும் கைகளை நீட்டினான். அவள் தூக்கக் கூடாது. நானும் கூடாது. இரண்டு பேரும் சும்மா நின்றோம். அவன் என் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், கைகளைக் கீழே போட்டுவிட்டான். பிறகு மருமகள் இறங்கி வந்து தூக்கிப் போனாள்.

வீட்டில் ஒரே ஒரு ஸ்டூல்தான் உண்டு. சொர்ணம் அதை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒங்களுக்குத்தான முட்டுவலி. நீங்க உக்காருங்க மைனி."

நான் உட்கார்ந்தேன்.