வீட்டுப்பாடத்துக்கு ஒரு செட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை ஒழித்தவள் நான்தான். ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒழித்தேன். அன்று சாயங்காலம் ஊர்த் தெருவில் நான் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அவ்வளவு சந்தோஷம் ஒரு சின்ன உடம்புக்குத் தாங்காது. புத்தகப்பை முதுகில் அடிக்க அடிக்க, எதிரில் வந்த மாட்டையும் மனுஷரையும் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கம். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் ஊரில் வேறு பேச்சே கிடையாது. எந்தக் கொல்லைக்கு வெட்டு உத்தரவு வந்திருக்கிறது, எத்தனை லோடு போயிற்று, எந்த டிராக்டர் எந்த வாய்க்காலில் இறங்கிக்கொண்டது, இதுதான் பேச்சு. எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனாலும் ஊரில் விளைந்த கரும்பெல்லாம் எங்கள் வீட்டுக் கரும்பு மாதிரிதான் பேசுவோம். வெட்டுகிறவர்கள் நாங்கள்தானே.

அப்பாவுக்கு அண்ணன், என் பெரியப்பா, கரும்பு வெட்டும் செட்டுக்கு மேஸ்திரி. செட்டு என்றால் பன்னிரண்டு பதினான்கு பேர். ஒருவர் அடியோடு வெட்டிக்கொண்டே போவார், பின்னால் ஒருவர் தோகையைக் கழிப்பார், அடுத்தவர் கட்டுக் கட்டுவார், கடைசியில் இருக்கிறவர்கள் தலைமேல் தூக்கி டிராக்டரில் ஏற்றுவார்கள். யார் கையும் சும்மா இருக்காது, யாரும் இரண்டு வேலை செய்யமாட்டார்கள். அப்பா வெட்டுவார். அம்மா கட்டுக் கட்டுவாள். அக்கா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோகை கழிக்கிற வேலையில் இருந்தாள். பெரியப்பா ஒரு சத்தம் கொடுத்தால் மொத்த செட்டும் ஒரே ஆள் மாதிரி அசையும். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது.

பெரியப்பா நல்லவர். என்னை 'கலெக்டரு' என்றுதான் கூப்பிடுவார், கரும்பில் நடுத்துண்டாகப் பார்த்து எனக்கு உடைத்துக் கொடுப்பார். சாயங்காலம் நாலரை மணிக்கு லோடு ஏற்ற ஆள் திரட்டிக்கொண்டு டிராக்டரோடு தெருவில் வருவார். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். புருஷனுடைய அண்ணனுக்கு நேரே நின்று பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். அவர் காதிலும் அது முதலிலேயே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தலையாட்டுவார்.

பெரியப்பா என்னையும் லோடு ஏற்றக் கூப்பிடுவார். அப்போதெல்லாம் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான். "பாடம் கீதுன்னு சொல்லு." நான் சொல்வேன். பெரியப்பா, "செரி, கலெக்டரு படிக்கட்டும்" என்று போய்விடுவார். டிராக்டர் மேல் ஏறிப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நான் பதினாறாம் வாய்ப்பாடு எழுதுவேன்.

இந்தத் துன்பத்துக்கெல்லாம் காரணம் எங்கள் டீச்சர். அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தார், சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியாக, சாதுவாக இருப்பார், கை ஓங்கமாட்டார். ஆனால் சாயங்காலம் மணியடிக்கும் நேரம் பார்த்து கரும்பலகை பக்கம் திரும்பினாரென்றால் நாலு பாடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். தமிழில் ஒரு பக்கம், கணக்கு பத்து, இங்கிலீஷ் காப்பி ஒரு பக்கம், போதாக்குறைக்கு ஒரு படம். எங்கள் வகுப்பில் பதினோரு பேர். பதினோரு பேரும் பெருமூச்சு விடுவோம். தலைமை ஆசிரியருக்கும் இது பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும். கூலி வேலை செய்கிற வீடுகளில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள், எதற்கு இந்தப் பிள்ளைகளைப் போட்டு வதைக்கிறீர்கள் என்று எங்கள் காது படவே கேட்டிருக்கிறார். அவரை நாங்கள் தெய்வமாகக் கொண்டாடினோம்.

ஒரு திங்கட்கிழமை எனக்கு அந்த யோசனை வந்தது. கரும்பை வெட்டுகிற மாதிரி வீட்டுப்பாடத்தை ஏன் வெட்டக்கூடாது?

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் செட்டைக் கூட்டினேன். மேஸ்திரி நான். மல்லிகாவுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆகவே பதினோரு நோட்டிலும் அவள் கணக்குப் போட வேண்டும். எஸ்தருக்கு இங்கிலீஷ் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், பதினோரு நோட்டிலும் இங்கிலீஷ் அவள் பொறுப்பு. படம் குமாருக்கு. தமிழ் எனக்கு. மற்றவர்களில் இரண்டு பேர் கோடு போட, இரண்டு பேர் பென்சில் சீவ, மீதிப் பேர் நோட்டை வாங்கிப் பக்கம் புரட்டி அடுத்த ஆளுக்குத் தள்ள. ஐந்து மணிக்குப் பியூன் கேட்டைப் பூட்டுவார், அதற்குள் கடைசி லோடு ஏறிவிட வேண்டும்.

வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். முதல் நோட்டு மல்லிகாவிடமிருந்து எஸ்தரிடம் போய், குமாரிடம் போய், என்னிடம் வந்து விழுந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் பெரியப்பா மாதிரியே குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "அடுத்த கட்டு, அடுத்த கட்டு" என்று விரட்டினேன். விரல் வலித்தது, ஆனால் ஒருத்தரும் நிறுத்தவில்லை. பியூன் சாவியை ஆட்டிக்கொண்டு வரும்போது பதினோராவது நோட்டில் நான் கடைசி வரியில் இருந்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். எல்லோரும் கத்திக்கொண்டே கேட்டைத் தாண்டி ஓடினோம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே மாதிரி, இன்னும் வேகமாக. டீச்சர் நோட்டைப் புரட்டிச் சரி போட்டுக் கொடுத்துவிடுவார், பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

வியாழக்கிழமை எனக்கு வந்த தமிழ்ப்பாடம் 'என் குடும்பம்' என்ற தலைப்பில் பத்து வரி. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. செட்டு மேஸ்திரிக்கு யோசிக்க ஏது நேரம்? என் குடும்பத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், மளமளவென்று பதினோரு நோட்டிலும் எழுதித் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் நோட்டுகளை மேஜைமேல் அடுக்கிவைத்து முதல் நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார். 'என் அப்பா கரும்பு வெட்டுகிறார். எனக்கு ஓர் அக்கா. எங்கள் மாட்டுக்கு ஒரு கொம்பு உடைந்துவிட்டது.' அது மல்லிகாவின் நோட்டு. அடுத்தது எஸ்தருடையது. அவளுடைய அப்பா ஆலையில் வேலை பார்க்கிறவர், அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் நோட்டில் அவளுக்கும் ஓர் அக்கா பிறந்திருந்தாள். குமார் வீட்டில் கோழிகூடக் கிடையாது, அவனுக்கும் ஒற்றைக் கொம்பு மாடு ஒன்று வந்து சேர்ந்திருந்தது. டீச்சர் நாலாவது நோட்டைப் படிக்க ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பதினோரு பேருக்கும் ஒரே மாடா என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம், அடி விழாது என்று தெரிந்துபோன தைரியம்.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் வந்தார். நோட்டுகளைப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே டீச்சர், இதுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். டீச்சர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார். சாயங்காலம் மணியடிக்கும் நேரத்தில் கரும்பலகை பக்கம் திரும்பவே இல்லை. இனிமேல் வீட்டுப்பாடம் கிடையாது என்று மட்டும் சொன்னார்.

நான் சொன்ன ஓட்டம் அப்போது ஓடியதுதான். வீட்டு வாசலுக்கு வந்தால் டிராக்டர் நிற்கிறது, பெரியப்பா நிற்கிறார், அப்பா பக்கத்தில் நிற்கிறார். அம்மா கதவுக்குப் பின்னால். இரண்டு ஆள் குறைகிறது, கலெக்டர் வருவாளா என்று பெரியப்பா கேட்டார். உள்ளேயிருந்து அம்மா, "இன்னிக்கி நெறைய பாடம் கீதுன்னு சொல்லு" என்றாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இனிமே வீட்டுப்பாடமே கெடையாது பெரியப்பா. டீச்சரே சொல்லிட்டாங்க."

பெரியப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி டிராக்டரில் போட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்வது. தலைக்கு மேல் கரும்பு நிற்கிற கொல்லையில், பெரியவர்கள் வரிசையில் எனக்கும் ஓர் இடம். அக்காவின் பழைய சின்ன அரிவாள் என் கையில். தோகை கன்னத்தைக் கிழித்து எரிந்தது, எரிவதும் பெருமையாக இருந்தது. லோடு ஏறி முடிந்ததும் உச்சியில் படுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் வருவோம். மேற்கே கல்வராயன் மலை பொழுது சாய்கிற வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று நிற்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சனியும் ஞாயிறும் முழு நாளும் போனேன். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை லோடு ஏறியதும் பெரியப்பா என் தலையில் கைவைத்து அப்பாவிடம், "இவ கை நல்ல சுறுசுறுப்புடா. அரவ முடியறவரிக்கும் காலைலயும் வரட்டும்" என்றார். அண்ணன் சொன்னால் அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையை ஆட்டினார். மேஸ்திரி வாயாலேயே பாராட்டு. என் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாக ஒருமுறை போய்விட்டு வா என்றாள் அம்மா. போனேன். முதல் பாடம் நடக்கும்போது பார்த்தால் வாசலில் அம்மா நிற்கிறாள். வேலைக்குப் போகிற கோலத்திலேயே, அரிவாளைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். டீச்சர் வெளியே போனார். அம்மா தணிந்த குரலில் ஏதேதோ சொன்னாள், ஒருமுறை என்னை மோவாயால் காட்டினாள். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா சொன்னது மட்டும்தான் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "தெனம் எழுத குடுங்க டீச்சர். கம்மியா மட்டும் குடுத்துடாதீங்க."

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மல்லிகா என்னை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவளை என் அம்மா என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. உலகத்தில் எந்த அம்மாவாவது பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து இதைக் கேட்பாளா? சாயங்காலம் டீச்சர் பதினோரு தாள் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு பாடம். செட்டு அத்தோடு கலைந்தது. இருப்பதிலேயே நீளமான தாள் என்னுடையது.

அன்றைக்கும் நாலரை மணிக்கு டிராக்டர் வந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "பாடம் கீதுன்னு சொல்லு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா இன்னொரு தடவை சொன்னாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வெளியே வந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பெரியப்பாவுக்கு எதிரே நின்றாள். "அவளுக்கு பாடம் கீதுங்க மாமா. இன்னிக்கும் வர மாட்டா, நாளைக்கும் வர மாட்டா."

பெரியப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மாவின் குரலை அவர் நேருக்கு நேர் கேட்டது அதுதான் முதல் தடவை. திண்ணையிலிருந்து எழுந்த அப்பா அப்படியே நின்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் டிராக்டரில் ஏறினார். எனக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு வீட்டுப்பாடத்துக்காகத் தெருவே பார்க்க இப்படி மரியாதை இல்லாமல் நடந்துகொள்வார்களா? அக்கா டிராக்டரின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு போனாள். அவள் என்னைப் பார்த்துக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். நான் அவள் முன்னால் தாளை வீசினேன். அழுகையில் வார்த்தை குழறியது. "அக்கா படிக்கசொல்ல இருந்த பழைய சார் வீட்டுப்பாடமே குடுக்கல. அவ குடுத்து வச்சவ. எனக்கு மட்டும் ஏன்?"

அம்மா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆமா" என்றாள். "அவளுக்கு ஒண்ணுமே குடுக்கல."

தப்பு தன்மேல்தான் என்று அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே திருப்தி. தாளை எடுத்துக்கொண்டு போய் எழுத உட்கார்ந்தேன்.