நடுவருக்கு ஒரு ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்

ஓசூரில் ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஜூஸ் கடை ஐஸ்தான். அதன்மேல் கத்தி வைத்த ஷூவோடு ஓடி, எகிறி, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இறங்குகிறார்கள் என்பதை என் மகள்தான் போனில் காட்டினாள். ஒரே வாரத்தில் அவளைவிடப் பெரிய பைத்தியமாகிவிட்டேன். தொழில் அப்படி. இருபது வருஷமாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கியர் பல்லில் மயிரிழை குறைந்தாலே கண்ணை உறுத்தும். மூன்று சுற்றில் கால்வாசிச் சுற்றுக் குறைந்து இறங்கினால் உறுத்தாதா?

உறுத்தியது. ஒரு போட்டியில் எங்களுக்குப் பிடித்த பெண் முழுசாகச் சுற்றி இறங்கினாள். குறைச்சல் என்று மதிப்பெண்ணை வெட்டினார்கள். அடுத்து வந்தவள் நிஜமாகவே கால் சுற்றுக் குறைத்தாள். சத்தமில்லாமல் பாஸ், மெடலும் அவளுக்கே. நடுவர்கள் எந்த வீடியோவைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'பார்த்த வீடியோவை வெளியிடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள்' என்று பல நாட்டு ரசிகர்களும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கு மெயில் அனுப்பக் கிளம்பினார்கள். மகளும் அந்தக் குழுவில்.

"அப்பா, நீயும் உன் சொந்த வார்த்தையில எழுதணும். பயந்துக்கிட்டு நழுவாத."

எனக்கு ஏது சொந்த வார்த்தை? சப்ளையருக்கு அனுப்பும் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் வார்த்தைதான். சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி கம்ப்யூட்டரிலேயே அந்தப் படிவத்தைத் திறந்தேன். பொருள்: தாவல். குறை: கால் சுற்று. நாலாவது கட்டம், மூல காரணம்: நடுவரின் ஓரவஞ்சனை. ஏழு நாளில் பதில் தேவை. தட்டிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், போனது கம்பெனி மெயிலிலிருந்து. போதாததற்கு, இருபது வருஷப் பழக்கத்தில் விரல் தானாகவே சிசியில் மேனேஜரைச் சேர்த்திருந்தது.

மெயிலைத் திரும்பப் பெறும் பட்டனை ஒன்பது தடவை அமுக்கினேன். 'இவர் மெயிலைத் திரும்பப் பெற முயல்கிறார்' என்று மேனேஜருக்கு ஒன்பது தகவல் போனது.

எதிர் மேஜையில் இருக்கும் கல்லாவி ஊர்க்காரன் எட்டிப் பார்த்தான். "கவலப்படாதண்ணா. கெலமங்கலம் சந்தைல தக்காளி யாவாரம் போடலாம். நீ எடை போடு, நான் கூவறேன்."

"வாய மூட்றா. வேல போச்சுன்னா பொண்ணு காலேஜ் என்னாவறது?"

மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம். ரொம்பக் கோபம் வந்தால் தமிழ்.

"ஏன்ரீ இது?"

அப்பாடா, கன்னடம்தான். "சார், அது வந்து... காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தேன்..."

காது கொடுக்காமல் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, கன்னடத்திலேயே தொடர்ந்தார். "கம்பெனி மெயில்ல அனுப்பினது தப்பு. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா எழுத்துல வார்னிங். சரி, மூல காரணம் யாரு எழுதணும்?"

"சப்ளையர், சார்."

"நீங்க?"

"கண்ணால பாத்தத மட்டும்."

"அப்ப ஓரவஞ்சனைய எந்த கேஜ்ல அளந்தீங்க?"

வேலை தப்பியது, மானம்தான் தப்பவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், என் சொந்த மெயிலிலிருந்து மறுபடி எழுதினேன். எந்த நொடியில் கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எவ்வளவு மதிப்பெண் விழுந்தது, அவ்வளவுதான். நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டு, 'தாங்கள் நிரப்பவும்' என்றேன். மகளுக்கு ஒரே பூரிப்பு. "இதே மாதிரி அனுப்புங்க" என்று அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். தமிழில்.

அவர் மெயில் பெட்டி முழுக்க ஜப்பான், பிரேசில், பின்லாந்து. என் விரல் பஸ்ஸிலும் கடமை தவறவில்லை. சிசியில் இருந்த அவர் முகவரியோடு சேர்த்தே அத்தனை பேரும் அப்படியே நகலெடுத்திருந்தார்கள்.

"தராசு எடுத்தாறட்டுமாண்ணா?" என்றான் கல்லாவிக்காரன்.

உள்ளே போனேன்.

"எல்லாத்தையும் படிச்சேன்," என்றார். "ஒருத்தர்கூட நாலாவது கட்டத்த நிரப்பல. பாஸ். ஆமா, எங்க அந்தப் போட்டி வீடியோ? போடுங்க பாப்போம்."

போட்டேன். மெதுவாக ஓட்டி மூன்று தடவை பார்த்தவர், நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"வேணும்னே பாஸ் பண்ணிருக்கான்ரீ அந்த ஜட்ஜு!"

"சார், அது நாலாவது கட்டம்" என்றேன்.