எஞ்சினுக்கு ஊற்றிய மருந்து

இருபது வருடம் கழித்தும் அவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. கனடாவில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மாதா கோயிலில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. எதைத் தொட்டாலும் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார்.

என் பழைய காரை வாங்கவென்று வந்தார். எஞ்சின் தேய்ந்து டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்த கார் அது. தேய்மானத்தைக் குறைக்கும் என்று கடையில் விற்கிற தடித்த மருந்தை, முதல் நாள்தான் இரண்டு போத்தல், எஞ்சின் ஒயிலுக்குள் ஊற்றியிருந்தேன். சத்தம் அடங்கிவிட்டது.

அவர் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, நுனியை இரண்டு விரல்களால் தேய்த்தார். ஒயில் பாகுபோல இழுபட்டது.

"தம்பி, இதுக்குள்ள ஏதும் விட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை. மாதாவாணை இல்லை."

விரல்களைத் துடைத்துவிட்டு, சரி என்றார். அடுத்த ஞாயிறு ஃபாதர் அவர் வாங்கிய அந்தக் காருக்குத் தீர்த்தம் தெளித்தபோது, பக்கத்தில் நின்று நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, திரும்பவும் சத்தம் வருது. அந்த மருந்து எந்தக் கடையில வாங்கினனீங்கள்?"

அதில் கோபமே இல்லை. கடையின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது.

"எந்த மருந்து அண்ணை?" என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து, எண்ணெயே படாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.