ஆறு இஞ்ச் வைஸ்

சில மாதங்களாக என் கைகள் நடுங்குகின்றன. வீட்டில் சொல்லவில்லை. குழாய், கம்பி அறுக்கும்போது இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன்.

"வீட்டுக்குன்னா நாலு இஞ்சே போதுங்க," என்றார் கடைக்காரர். எரிச்சலாக வந்தது. ஆறு இஞ்சை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தேன். அந்தக் கனத்தைப் பிடித்திருந்தவரை கைகள் அடங்கியிருந்தன.

கார் ஷெட்டில், வைஸின் வாய் மேஜை விளிம்பைத் தாண்டும்படி வைத்து நான்கு போல்ட்டுகளையும் முறுக்கினேன். ஒரு குழாயை மாட்டி ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். வைஸ் அசையவே இல்லை. பிளேடுதான் துள்ளித் துள்ளிக் கீறியது.

சத்தம் கேட்டு வந்த மனைவி, "போல்ட்டு சரியா முறுக்கலையாங்க?" என்றாள்.

"ஆமா, லூஸா இருக்கு," என்று ஸ்பேனரை எடுத்தேன்.