உருளைக்கிழங்குத் தட்டில் ஒரு ஜனம்

காகிதத் தட்டில் செக்கச்சிவந்த மசாலா போர்த்திய குட்டி உருளைக்கிழங்குகள், மேலே வெள்ளையாக ஒரு சாஸ். நாவலூரில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஃபுட் கோர்ட்டில் அதற்கு 'கேஜன் பொட்டேட்டோ' என்று பெயர். எங்கள் டீம் லீடர் அக்கா ஒரு கிழங்கைக் குச்சியால் குத்தி எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டு போனவர் அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டேய், இது மசாலா இல்லடா. ஜனம்." இன்று நான் செய்ய நினைக்கிற காரியத்தின் விதை எனக்குள் விழுந்த இடம் அதுதான். அப்போது அது எனக்குத் தெரியாது. அக்கா சாப்பிடவில்லை என்றால் தட்டை என் பக்கம் இழுத்துக்கொள்ளலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டில் பொருளாதாரம் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை அது. கூடுவாஞ்சேரியில் பஸ் ஏறி, வண்டலூரில் மாறி, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, உள்ளே நுழையும்போது சட்டை பாதி நனைந்திருக்கும். வெளிநாட்டு இணையதளம் ஒன்றுக்கு ஒப்பீட்டுப் பக்கங்கள் எழுதித் தருவது எங்கள் பிரிவின் வேலை. இரண்டு பெயரும் ஓர் அட்டவணையும் வரும். வருமானம், படிப்பு, வேலை, சொந்த வீடு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் யார் மேலோ அவருக்குப் பச்சைப் புள்ளி, யார் கீழோ அவருக்குச் சிவப்புப் புள்ளி. நாங்கள் அதை வாக்கியமாக்கி, கடைசியில் 'ஆக, இன்னார் மேல்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு ஆபீசில் தீர்ப்பு வரி என்று பெயர். இரண்டு பெயருக்குச் சேர்த்து ஜோடி என்று பெயர். என் இடது பக்கத்து நாற்காலியில் கோவளத்து நண்பன். நாங்கள் செய்வது பத்துப் பொருத்தம் பார்க்கிற வேலைதான், தட்சிணை மட்டும் மாசக் கடைசியில் வருகிறது என்பான்.

அதுவரை நாடுகளையும் நகரங்களையும்தான் ஜோடி போட்டு எழுதிவந்தோம். அந்த மாதம் சமூகங்கள் வர ஆரம்பித்தன. முதல் ஜோடி, மலேசியர் – கேஜன். கேஜன் என்றால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "மச்சான், அது மசாலாடா. கீழ துன்றமே, அது" என்றான் நண்பன். மலேசியாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு வரைபடம் வேண்டாம். நண்பனின் மாமு பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு மலேசியாக்காரர் வீடு என்று பெயர். அக்காவின் சித்தப்பா அங்கே பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போய், ஒரே அறையில் பலபேரோடு படுத்து எழுந்து, பாஸ்போர்ட்டை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் பல வருஷம் கிடந்து, முதுகுவலியோடும் இரண்டு கம்பளியோடும் திரும்பியவர். ஆகவே மலேசியப் பகுதியை நானே எழுதுகிறேன் என்று அக்கா வாங்கிக்கொண்டார். சித்தப்பா பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு அட்டவணையைப் பார்த்தால், மலேசியருக்கு வருமானத்தில் பச்சை, படிப்பில் பச்சை, வேலையில் பச்சை.

வேறு யாராக இருந்தாலும் தான் எழுதியதைத் திருத்தியிருப்பார்கள். அக்கா அட்டவணையைத் திருத்தச் சொன்னார். உங்கள் கணக்கு தப்பு, மலேசியாவில் தோட்ட வேலை எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் என்று கிளையண்டுக்கு நீளமாக ஒரு மெயில் போட்டார். இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது, கோபமும் அதைவிடச் சுத்தமாக இருந்தது. மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. பட்டியலில் இருப்பவர்கள் அமெரிக்காவில் குடியிருக்கும் மலேசிய வம்சாவளியினர். தயவுசெய்து தலைப்புக்குக் கீழே உள்ள குறிப்பைப் படிக்கவும்.

எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. இந்தத் தப்பைச் செய்ய இந்தக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும். "அக்கா, உங்க சித்தப்பா அமெரிக்கா போவலன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்று நண்பன் கேட்டதற்கு அக்காவும் கண்ணில் தண்ணி வருகிற மாதிரி சிரித்தார். அப்புறம் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, தலைப்புக்குக் கீழே இருந்த அந்தக் குறிப்பை மறுபடி ஒருமுறை படித்தார். "தப்பு என்னுதாவே இருக்கட்டும். அப்போ சித்தப்பா எங்கடா போனாரு? பச்சையிலயும் இல்ல, செவப்புலயும் இல்ல."

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் கேஜன்களைத் தேடித் தேடிப் படித்தார். படித்ததை எங்களுக்குத் தவணை முறையில் ஊட்டினார். கனடாவின் கடலோரத்தில் பிரெஞ்சு பேசிக்கொண்டு விவசாயம் செய்துவந்த ஜனம். ஆங்கிலேயர்கள் அவர்களை மண்ணைவிட்டுக் கப்பலேற்றித் துரத்தினார்கள். எங்கெங்கோ அலைந்து கடைசியில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில், வேறு யாருக்கும் வேண்டாத ஓரத்தில் தங்கினார்கள். இறாலும் நண்டும் பிடித்தார்கள், கரும்பும் நெல்லும் போட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினால் தண்டனை. இனி பேசமாட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கிறார்கள். பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் வந்து கால்வாய் வெட்டின, வேலையும் கொடுத்தன. அந்தக் கால்வாய் வழியாகவே உப்புத் தண்ணீர் ஏறி நிலம் கரைய ஆரம்பித்தது. புயல் வருகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரை போகிறது. உலகத்துக்கு அவர்களிடமிருந்து வந்து சேர்ந்தது அவர்கள் குழம்பின் காரம் மட்டும். அதையும் யாரோ டப்பாவில் அடைத்து உருளைக்கிழங்கின் மேல் தூவிவிட்டார்கள். ஃபுட் கோர்ட்டில் அக்கா கிழங்கை அந்தரத்தில் நிறுத்தியது அந்த வாரத்தில்தான்.

இதில் எந்த இடத்தில் அக்காவின் குரல் மாறியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத் தண்டனையில். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம் அவருடையது. டவுன் பள்ளிக்கூடத்தில் அவர் 'கீது' என்று சொல்லிவிட்டால் வகுப்பே ஒரு பாட்டுப் போலத் திருப்பிச் சொல்லுமாம். ஆபீசில் அவர் பேசிய பளபளப்பான தமிழும் இங்கிலீஷும் அந்த வகுப்பறையில் அடித்து வளைத்தவை. எனக்கும் அதே கதைதான். நான் முதலில் போன நேர்முகத்தில் 'வந்துகினு இருந்தேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, எதிரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்தவன். எங்கேயோ ஒரு சதுப்பு நிலத்துக் குழந்தை எழுதிய அந்தத் தண்டனை வரியை எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பக்கம் தயாரானது. அட்டவணையில் இருந்ததை அக்கா ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். எந்த எண்ணையும் மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்பு வரி இல்லை. அதற்குப் பதிலாக முதல் பத்தியிலேயே, இந்த ஒப்பீட்டில் இல்லாதவர்கள் யார் என்று எழுதியிருந்தார். அக்கா அப்போது தற்காலிக லீடர்தான். இந்தத் தொகுப்பு நல்லபடியாகப் போனால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் குப்பத்திலிருந்து இந்த மாதிரிக் கட்டடத்துக்குள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்த முதல் ஆள் அவர். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட 'லீடரு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் அம்மா மீன் விற்கிற இடத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதினால் அதெல்லாம் நிலைக்கும்.

மேனேஜர் சார் எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தின் கீழே என் பெயரும் இருந்ததால் நானும் போனேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். யார் மேல் என்று சொல்லாமல் ஒப்பீடு என்று எதைச் சொல்வது, படிக்கிறவனுக்கு ஒரு முடிவு வேண்டாமா என்று நிதானமாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லூரியில் நானும் அப்படித்தான் விடைத்தாளை முடித்திருக்கிறேன்.  அதற்கு அக்கா பேசியது ஆபீஸ் தமிழில் இல்லை.

"சார், எங்கூர்ல ஏலத்துக்குன்னு வஞ்சரத்த தனியா பொறுக்கி ஒரு கூடையில வைப்பாங்க. இன்னொரு பக்கம் வலைல வந்தது மொத்தமும் கெடக்கும். காரப்பொடி மீனு, நண்டு, சங்கு, பாசி, எல்லாந்தான். ரெண்டையும் பாத்துட்டு எது நல்ல கடலுன்னு கேட்டா இன்னா சார் சொல்றது? கடலு ஒண்ணுதானே. அமெரிக்கா போன மலேசியாக்காரங்க பொறுக்கி வச்ச கூடை. படிச்சவங்க, பணம் இருந்தவங்க, விசா கெடச்சவங்க. கேஜன்காரங்க மொத்த வலை."

சார் அட்டவணையைக் காட்டினார். எல்லாவற்றிலும் கேஜன்கள் கீழே இல்லையே, சொந்த வீட்டில் அவர்களுக்குத்தான் பச்சைப் புள்ளி, அதையும் சேர்த்துத்தானே தீர்ப்பு எழுதச் சொல்கிறோம் என்றார். அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "எங்க வூடும் சொந்த வூடுதான் சார். முன்னாடி ரெண்டு வரிசை வூடு இருந்துச்சு, கடலு எடுத்துகினு போச்சு. இப்போ பின் கதவத் தொறந்தா அலை. அதுக்கும் ஒரு பச்சைப் புள்ளி வைங்க."

நானும் ஏதோ சொன்னேன். கல்லூரியில் படித்த ஞாபகத்தில், 'தெரிந்தெடுக்கப்பட்ட சாம்பிள்' என்றெல்லாம் வேகவேகமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நீ எழுதலைன்னா நான் ஒரு வரி சேர்த்துக்கறேன்மா என்றார் சார். சேர்த்துக்கோங்க, என் பேரை எடுத்துடுங்க என்றார் அக்கா. என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னது மட்டும் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

லீடர் வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா ராஜினாமா செய்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை அவர் எப்போதையும்விடச் சீக்கிரம் வந்து, எனக்கு வலது பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் உயரத்தைத் திருகிச் சரிசெய்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எழவு வூட்டுக்கு வந்த மாதிரி பாக்கற? ஊர்ல இன்னும் லீடருன்னுதான் கூப்புடறாங்க. கூப்புடட்டும். எறக்கனது அவங்க, எறங்கனது நான் இல்ல" என்றார்.

அன்று முதல் அவர் எழுதிய ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரி தொடங்கியது. இந்தக் கணக்கில் யார் இல்லை. ஒவ்வொரு முறையும் புது லீடர் அதை அழித்தார். அடுத்த பக்கத்தில் அது மறுபடி இருக்கும். வார்த்தை மாறும், விஷயம் மாறாது. சில நாள் அதற்காக அவர் கூடுதல் தேடல் செய்து, இல்லாதவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்றும் சேர்த்திருப்பார். அதுவும் போகும். அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஏன் இப்படி உட்கார்ந்து கோர்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அழிக்கறது அவங்க வேலை, அவங்க கரெக்டா செய்றாங்க. எழுதறது என் வேலை" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. நண்பனுக்கே அது பேஜாராகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் காலையில் கேளம்பாக்கத்தில் ஆட்டோவுக்கு நிற்கும்போது, இன்றைக்கு என்ன எழுதியிருப்பார் என்று ஓர் ஆசை இருக்கும்.

இப்போது அந்த வரிசையே இல்லை. ஜோடிப் பக்கங்களை மென்பொருள் எழுதுகிறது. ஒவ்வொன்றிலும் தீர்ப்பு வரி கச்சிதமாக வந்து நிற்கிறது, அதற்கு எதிராக ஒரு நாற்காலிகூடத் திருகப்படுவதில்லை. நண்பன் கோவளத்தில் குடும்பக் கடையைப் பார்க்கிறான். அக்கா கல்யாணமாகி கருங்குழியில் இருக்கிறார், பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே, வேறு கம்பெனியில். நேற்று சும்மா அந்த இணையதளத்தைத் திறந்து மலேசியர் – கேஜன் பக்கத்தைப் படித்தேன். சார் சேர்த்த வரி அப்படியே இருக்கிறது. ஆக, மலேசியரே மேல்.  உடனே கீழே இறங்கி அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்தை நாம் மறுபடி எழுதுவோம், தமிழில் எழுதுவோம், புள்ளி இல்லாமல் எழுதுவோம், சித்தப்பாவிலிருந்து ஆரம்பிப்போம் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். விமானம் ஏறியவர்கள், ஏற முடியாதவர்கள், சதுப்பில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில். அது முடிந்ததும் அடுத்த ஜோடி, நாவலூர் அடுக்குமாடியும் அவர் குப்பமும்.

 அக்கா எடுத்த எடுப்பில், "சித்தப்பா காலைலதான் ஒழுங்கா பேசுவாரு, சாப்டா தூங்கிடுவாரு. ஞாயித்துக்கெழம வெள்ளனே குப்பத்துக்கு வா. நானும் வந்துடறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. கடைசில எவன் மேலன்னு ஒரு வரி எழுதன, அந்த உருளக்கெழங்கு சாஸ உன் தலைல கொட்டிடுவேன்."

போனை வைத்த கையோடு ஒரு தட்டு வாங்கப் போனேன். அதே சிவப்பு மசாலா, அதே வெள்ளை சாஸ். கல்லாவில் இருந்த இளைஞர், கேஜன் காரமா வேணுமா, மீடியமா வேணுமா என்று கேட்டார். அது மசாலா இல்லைங்க என்றேன். "பின்ன இன்னா சார்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் மதியச் சாப்பாட்டு வரிசை வளைந்து நின்றது. திங்கட்கிழமை எழுதிக்கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டேன்.