மெழுகு அடைத்த துளைகள்

ஊசியக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதில் இருபத்தெட்டு வருடம் அண்ணனின் தோல் பட்டறையில் போயிருந்தது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அண்ணன் தோலை வெட்டி, பசை தடவி, நான்கு அடுக்காக ஒட்டிக் கொடுப்பார். கட்டைவிரல் தடிமன் வரும். அவர்களிடம் இருந்த தையல் இயந்திரத்தின் ஊசி அதில் பாதிகூட இறங்காது. அதனால் ஊசியக்கா கவராயத்தால் ஓரத்தில் கோடு இழுத்து, குத்தூசியைச் செங்குத்தாக நிறுத்தி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் இரண்டு அடி அடிப்பாள். ஒரு துளை. பிறகு அடுத்தது. அத்தனையும் குத்தி முடித்தபின்தான் தையல். மேலே நேராகக் குத்துவது பழகினால் யாருக்கும் வரும். அடிப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும் முனையும் கோடு பிசகாமல் வரவேண்டும். அவள் தைத்ததில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அண்ணனே தடுமாறுவார்.

அவளுக்கு ஒரு கல்யாணம் பேசி, அது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவளும் அண்ணியும் இருபது வருடமாக ஒரே சமையலறையில் சண்டையில்லாமல் இருப்பதைத் தெருவே வியந்து பேசும். சண்டை இல்லாமல் இல்லை, சத்தம்தான் இல்லை.

பட்டறையின் பாதி வேலை நாய்ப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தது. காவலுக்குப் போகும் நாய்களைக் கடிக்கப் பழக்கும்போது பயிற்சியாளர்கள் மாட்டிக்கொள்ளும் கைக்கவசத்தை இவர்கள்தான் செய்தார்கள். ஒருநாள் காலையில் பள்ளியின் ஓட்டுநர் வந்து, முழங்கைப் பக்கம் வாய்பிளந்த கவசம் ஒன்றை மேசைமேல் வைத்தார். கரடி என்ற நாய் கடித்ததில் கவசம் விட்டுப்போய், பயிற்சியாளர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அண்ணன் கவசத்தைத் தொடக்கூட இல்லை. ஓட்டுநர் போனதும், "நூல் சரியில்லன்னு சொல்லிடுவோம். நூல் வாங்கின இடத்துல கேக்கறோம்னு சொன்னா முடிஞ்சுது" என்றார்.

ஊசியக்கா அதை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். நூல் அறுந்திருக்கவில்லை. துளைக்கும் துளைக்கும் நடுவே இருந்த தோல்தான், டிக்கெட்டைக் கிழித்த மாதிரி வரிசையாகக் கிழிந்திருந்தது. நான்கு துளை இருக்கவேண்டிய இடத்தில் விரலால் தடவி ஏழு எண்ணினாள்.

அவளுக்கு நினைவிருந்தது. வளைவில் ஊசி கோட்டை விட்டு விலகியது. பக்கத்திலேயே இன்னொன்று குத்தினாள். அப்படியே மூன்று தடவை. தப்பிய துளைகளில் மெழுகை அடைத்து, மேலே சாயம் தேய்த்தாள். ஆறு மாதமாகவே கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிந்தது. என் விரலுக்கே கண் இருக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணாடிக் கடைப் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது.

"தப்பு நூல்ல இல்லண்ணா. என்மேலதான்" என்றாள்.

வாசலில் நின்ற அண்ணி, "ஆறு மாசமா ஊசியில நூல் கோக்க என்கிட்டதானே நீட்டுற. தெரிஞ்சுதான் இருந்தேன். நானும் வாயத் தொறக்கல" என்றாள்.

அன்று மாலையே ஊசியக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கும். கவசத்துக்குக் கை அளவு கொடுக்கப் பட்டறைக்கு வந்திருக்கிறார். இப்போது அந்த வலக்கையில் விரல்நுனி வரை கட்டு.

"வாங்கக்கா. உங்க தையல் விட்டுச்சு, டாக்டர் தையல் போட்டாரு" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மூன்று துளை, மெழுகு, சாயம், கண் எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

"விரல் மடங்காதுன்னா என் பொழப்பு என்னக்கா ஆகும்?"

கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே தொடர்ந்தார். "கரடிதான் சொன்ன பேச்சு கேக்காம கடிச்சிடுச்சுன்னு எல்லாரும் நம்பறாங்க. நாளைக்கு அத எங்கயோ அனுப்பிடப் போறாங்க. அதுக்குக் கவசத்தக் கடின்னு சொன்னோம், கவசத்தத்தான் கடிச்சிருக்கு. இத என்கிட்ட சொல்லி என்ன? பெரியவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

பெரியவர் என்றால் பள்ளியின் தலைவர். வீட்டில் அண்ணன் கொதித்தார். "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடணுமா? நாய் என்ன உன் சொந்தமா?"

"இல்லதான். ஆனா பழிய அது சுமக்குது" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கிளம்பினாள்.

தலைவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். "இதே மாதிரி வேற எத்தனை இருக்கு?"

"ஆறு மாசத்துல இன்னும் மூணு செஞ்சேன். மூணையும் குடுத்துடுங்க, யாரும் மாட்ட வேணாம்."

கரடியை ஏற்ற வந்த வண்டி காலியாகத் திரும்பியது.

அண்ணி கண்ணாடிக் கடைக்கு அவளைக் கையோடு கூட்டிப்போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியக்கா முதலில் பார்த்தது தன் நகக்கண்ணில் ஊறிக்கிடந்த கறுப்பைத்தான். வீட்டுக்கு வந்து மூன்று கவசங்களையும் பிரித்துப் பார்த்தாள். இரண்டு நன்றாகவே இருந்தன. ஒன்றில் மெழுகு இருந்தது. கிழிந்ததற்கும் அதற்கும் மாற்றாகப் புதுத்தோலில் இரண்டு செய்தாள். அண்ணன் தோலை வெட்டிக் கொடுத்தார், பேச்சு கொடுக்கவில்லை.

கவசங்களைக் கொண்டுபோன அன்று மாட்டிப் பார்க்க எவரும் கையை நீட்டவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஊசியக்கா ஒன்றைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டாள். தலைவர் வேண்டாம் என்றார். அவள் இறங்கி மைதானத்தின் நடுவில் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த பயிற்சியாளர் நல்ல கையால் கரடியின் வாரைப் பிடித்திருந்தார்.

"கால அகட்டி நில்லுங்கக்கா. கைய இழுக்காதீங்க."

கரடி பாய்ந்து வந்து தொங்கியது. அகட்டி நின்றும் பயனில்லை, புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அது தலையை உதறி உதறி இழுத்தது. அவள் கண்ணாடி ஒரு காதில் தொங்க, தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தையலும் அசையவில்லை. "விடு" என்றதும் கரடி விட்டுவிட்டு நாக்கைத் தொங்கவிட்டு நின்றது.

அவள் எழ முயன்று, முடியாமல், "யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா" என்றாள்.

ஆனாலும் பள்ளி இனிமேல் பாதிக் கவசங்களை வேறு இடத்தில் வாங்கும் என்று தலைவர் சொன்னார். நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. அண்ணனுக்குத் தோன்ற இரண்டு மாதம் பிடித்தது. கட்டில் பட்டைகள், சுமை தூக்குகிறவர்களின் இடுப்புவார்கள் என்று வேறு வேலை தேடிப் பிடித்தார்கள்.

பயிற்சியாளரின் மோதிரவிரல் முழுதாக மடங்கவில்லை. அவரைக் குட்டிநாய்களைப் பழக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம், கரடிக்குக் கழுத்துப்பட்டை வேண்டுமென்று அளவோடு வந்தார்.

"விரல் எப்படி இருக்கு தம்பி?"

"குளிர் வந்தா முணுமுணுன்னு வலிக்குது." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சுக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

அண்ணன் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து, ஒன்றை அவரிடம் கொடுத்தார். பயிற்சியாளர் இடக்கையால் வாங்கிக்கொண்டு, பட்டை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.