கமா அக்காவின் விண்ணப்பம்

நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பாதியைத் தடுத்து, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக மனு டைப் அடிப்பவளுக்கு வக்கீல்கள் வைத்த பெயர் கமா அக்கா. அவர்கள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவதை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறவள் அவள்தான். சில சமயம் சட்டப்பிரிவையே திருத்துவாள்.

"சார், இந்தப் பிரிவு இதுக்குப் பொருந்தாதே."

"ஆமா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார் சார், கண்ணாடியைத் துடைத்தபடி.

மனு முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள். வழக்குக்காரரான கட்சிக்காரர் எப்போது வந்தாலும், யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

தானே சட்டம் படித்தால் என்ன என்ற ஆசை அவளுக்கு இங்கேதான் பிடித்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, இல்லையென்று சொல்வானேன். மூன்று வருடப் படிப்பில் சேர என்னென்ன தகுதி வேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிப் படிப்பை முடித்த பிறகு வாங்கிய பட்டம் வேண்டும், இருந்தது. அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து வேண்டும். நாற்பத்தைந்தே முக்கால் இருந்தது. வயது வரம்பு கிடையாது. ஆனாலும் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நிரப்பிய விண்ணப்பங்கள் மேசை டிராயரைத் தாண்டவில்லை. நாற்பத்து நாலு வயதில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவதா என்று கடைசி நாளில் கால் பின்வாங்கிவிடும்.

இந்த முறை அப்படி விட முடியாது. அடுத்த வருடத்திலிருந்து ஐம்பது மதிப்பெண் என்று சட்டக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்; மாலை ஐந்து மணியோடு அவளுக்குக் கதவு மூடிவிடும்.

"இந்த வருஷமும் டிராயருக்குத்தான் அட்மிஷனா?" காலையில் பஸ் ஓட்டக் கிளம்பிய கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

கல்லூரி அலுவலகத்தில் வரிசை நகர்ந்து நகர்ந்து, அவள் ஜன்னலை அடைந்தபோது மணி நாலே முக்கால். உள்ளே இருந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"பட்டம் சரி. மார்க் சரி. மாற்றுச் சான்றிதழ் அசல், சரி. இவ்வளவு சுத்தமா ஒரு அப்ளிகேஷன் இன்னைக்குப் பார்க்கலம்மா." கடைசித் தாளில் அம்மாளின் விரல் நின்றது. "கையெழுத்து இல்லையே?"

"பென்சில்ல குறி போட்டிருக்கேன் மேடம். கட்சிக்காரர் வந்து அந்த இடத்துல போட்டுடுவாங்க."

வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எந்தக் கட்சிக்காரர்? அஞ்சு மணிக்கு ஜன்னலை மூடணும். விண்ணப்பதாரர் வந்திருக்காங்களா, இல்லையா?"

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தாள் அடித்திருப்பாள்! ஒன்றிலாவது கடைசி வரியில் அவள் பெயர் இருந்ததுண்டா? வேண்டுவோர் எல்லாம் வேறு யாரோ; அவள் கேட்டு எழுதிக் கொடுப்பவள். தன் விண்ணப்பத்தில்கூட, வேறு யாரோ வந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று இடம் விட்டிருக்கிறாள். பேசாமல் ஃபைலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டிராயரில் இன்னும் இடம் இருந்தது.

"கேக்குறேன்ல? விண்ணப்பதாரர் எங்க?"

"நான்தான் மேடம்" என்றாள். குரல் கம்மியது. இன்னொரு தடவை, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நான்தான்."

ஜன்னலில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். நூல் நீளம் போதாமல் பாதி உடம்பை உள்ளே நீட்டி, பென்சில் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டாள். அம்மாள் முத்திரையைக் குத்தி ரசீதை நீட்டினாள்.

வாசலுக்கு வருவதற்குள் கணவரின் ஃபோன்.

"என்னாச்சு, டிராயரா?"

"இல்லைங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்சிக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க."